உயிர் காக்கும் வான்வழி

ஒரு நாட்டின் மருத்துவ வசதியைப் பெருநகர ஆஸ்பத்திரிகளை மட்டும் கொண்டு மதிப்பிட இயலாது. சாலையற்ற மலைச் சிற்றூரிலும் கடல் சூழ்ந்த தீவிலும் நோயுற்றவருக்கு உரிய நேரத்தில் சிகிச்சை கிட்டுகிறதா என்பதே சரியான அளவுகோல். இத்தொலைவைக் குறைக்கும் பணியில் பெங்களூரு நகரின் பங்கு குறிப்பிடத்தக்கது.

விமானத்தை மருத்துவத்திற்குப் பயன்படுத்துவதில் ஆஸ்திரேலியா முன்னோடியாகும். 1928 மே மாதம், ஜான் ஃபிளின் என்ற பாதிரியாரின் முயற்சியால் குளோன்கரி நகரில் 'பறக்கும் டாக்டர்' சேவை தொடங்கியது. ஆனால் நோயாளி பற்றிய செய்தி டாக்டரை எட்டினால்தானே விமானம் புறப்படும்? மின்சாரமில்லாத பண்ணை வீடுகளுக்கென ஆல்ஃபிரெட் டிரேகர் காலால் மிதித்து இயக்கும் வானொலிக் கருவியை 1929-இல் அமைத்துத் தந்த பின்னரே அச்சேவை முழுப் பயன் அளித்தது.

பெங்களூருவில் 1940-இல் தோன்றிய விமானத் தொழிற்சாலையே பின்னர் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனமாக வளர்ந்தது. பிரெஞ்சு உரிமத்துடன் இங்கு தயாரான சேத்தக், சீட்டா ஹெலிகாப்டர்கள் எண்ணற்ற நோயாளிகளைச் சுமந்துள்ளன. சியாச்சின் பனிமலையிலிருந்து நோயுற்ற வீரர்களைக் கீழே கொணர்ந்தது சீட்டாவே. உள்நாட்டிலேயே வடிவமைக்கப்பட்ட துருவ், 1992 ஆகஸ்ட் 20 அன்று முதன்முதலாகப் பறந்தது. அதன் பின்புறக் கதவுகள் அகலத் திறப்பதால் ஸ்ட்ரெச்சரை எளிதில் ஏற்றலாம்.

எனினும், நோயாளியை ஏற்றிவிட்டால் மட்டும் போதாது. உயரே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகிறது. இரத்தத்தில் கலக்கும் பிராணவாயுவும் குறைகிறது. எட்டாயிரம் அடி உயரத்தில், உடலினுள் அடைபட்ட காற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விரிவடையும். நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கியிருந்தால், அதை வெளியேற்றிய பின்னரே பறப்பது பாதுகாப்பானது. இத்துறையில் ஆராய்ச்சியும் பயிற்சியும் அளிக்கும் விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிலையம் 1957 முதல் பெங்களூருவில் இயங்கி வருகிறது.

இச்சேவையின் தேவை லட்சத்தீவில் தெளிவாகும். அங்கு விமானதளம் உள்ள தீவு அகத்தி ஒன்றே. பிற தீவுகளில் நோய் முற்றியவர்களை ஹெலிகாப்டரில் ஏற்றிக் கொச்சிக்கு அனுப்ப வேண்டியுள்ளது. மலைப்பகுதிக்கென ரிஷிகேஷ் எய்ம்ஸ் மருத்துவமனையில் 2024 அக்டோபர் 29 அன்று ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் தொடங்கப்பட்டது. 2025 மே மாதம் கேதார்நாத்தில் இறங்குகையில் அது சேதமுற்றது. அதிலிருந்தோர் உயிர் தப்பினர். மலைக்காற்றும் குறுகிய இறங்குதளமும் மீட்கச் செல்வோரையே ஆபத்தில் ஆழ்த்தக்கூடியவை.

ஒரு ஹெலிகாப்டரைப் பராமரிக்கும் செலவில் பல சாலை ஆம்புலன்ஸ்களை இயக்கலாம் என்ற வாதத்தைப் புறக்கணிக்க முடியாது. சாலை உள்ள இடத்திற்குச் சாலையே போதும். சாலை எட்டாத இடத்திற்கே வான்வழி. அங்கும் ஆபத்தை முதலில் உணர வேண்டியவர் கிராம செவிலியரே. அவருக்குப் பயிற்சி, தடையற்ற தொலைபேசி, முன்கூட்டியே குறிக்கப்பட்ட இறங்குதளம், செலவை யார் ஏற்பது என்ற தெளிவான ஆணை ஆகிய நான்கும் அமைய வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும், விமானம் தயாராக நிற்கையிலேயே ஓர் உயிர் பிரிந்துவிடக்கூடும். இந்த ஏற்பாடுகளைச் செய்து முடிப்பது நிர்வாகத்தின் கடமை.