சுழியோடியும் கடலடிக் கல்லறையும்



கப்பல் உடைந்த கதை தமிழுக்குப் புதியதன்று. மணிமேகலையிலே சாதுவன் ஏறிச்சென்ற மரக்கலம் நடுக்கடலில் உடைகிறது. ஒடிந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு அவன் நாகர் வாழும் மலைக்கரையை அடைகிறான். வேறு சிலர் தப்பி வந்து, சாதுவன் மாண்டான் என்று ஊரில் சொல்கிறார்கள். அதன் பின்னர் கதை உயிரோடு இருப்பவர்களைப் பின்பற்றியே செல்கிறது. உடைந்த மரக்கலமும் அதனோடு அமிழ்ந்தவர்களும் கடலடியிலேயே விடப்படுகின்றனர். கப்பற் கதைகள் பலவற்றில் இதுவே வழக்கம். பிழைத்தவனுக்குத்தான் கதை உண்டு.

கதை கைவிட்ட அந்த இடத்தைத் தேடிக் கீழே இறங்குகிறவன் ஒருவன் இருக்கிறான். அவன்தான் சுழியோடி. முத்துக்கும் சங்குக்கும் மூச்சடக்கிக் குளித்தவர்களை நாம் அறிவோம். ஆனால் குளிர்க்கடலிலே, காற்றுக் கொள்கலனை முதுகில் சுமந்து, அமிழ்ந்த கப்பலைக் கண்ணாற் காண்பதற்காக மட்டுமே இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் விரும்பிச் செல்லும் இடங்களுள் ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஸ்கொட்லாந்துப் பெருநிலத்தின் வட கரைக்கு அப்பால் ஓர்க்னித் தீவுகள் உள்ளன. அத்தீவுகள் சூழ்ந்து நிற்க, நடுவே ஸ்கப்பா புளோ என்னும் பரந்த இயற்கைத் துறைமுகம் கிடக்கிறது. இரண்டு உலக யுத்தங்களிலும் பிரித்தானியக் கடற்படையின் தளமாக விளங்கிய இடம் இது. 1918 நவம்பர் முதல், போர்நிறுத்த உடன்பாட்டின்படி ஜேர்மன் போர்க்கப்பல்கள் இங்கே கொண்டுவரப்பட்டுத் தடுத்து வைக்கப்பட்டன. அவை மொத்தம் 74. சமாதான ஒப்பந்தம் கைச்சாத்தாகும் வேளையில் தம் கப்பல்கள் பகைவர் கைக்குப் போய்விடும் என்று அவற்றின் தளபதி லுட்விக் வொன் றொய்ட்டர் அஞ்சினார். 1919 ஜூன் 21ஆந் திகதி, காவல் நின்ற பிரித்தானியக் கப்பல்கள் பயிற்சிக்காக வெளியே சென்றிருந்த வேளையில் அவர் சமிக்ஞை கொடுத்தார். மாலுமிகள் தம் கப்பல்களின் அடித்தள வால்வுகளைத் தாமே திறந்துவிட்டனர். அன்று 52 கப்பல்கள் அமிழ்ந்தன. உல்லாசப் பயணமாகப் படகில் வந்திருந்த பாடசாலைப் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழப்பத்தில் ஒன்பது ஜேர்மனியர் சுடப்பட்டு இறந்தனர்.

பிற்காலத்தில் ஏர்னஸ்ட் கொக்ஸ் என்னும் பழைய இரும்பு வியாபாரி அக்கப்பல்களை விலைக்கு வாங்கி, 1924 முதல் ஒவ்வொன்றாகத் தூக்கத் தொடங்கினார். கப்பல் மீட்பதில் அவருக்கு முன்அனுபவம் எதுவும் இருக்கவில்லை. இருந்தும் முப்பதுக்கும் மேற்பட்டவற்றை அவர் மேலே கொண்டுவந்தார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் தூக்கியவை போக, மூன்று பெரும் போர்க்கப்பல்களும் நான்கு குறூசர்களும் இன்றும் அங்கே கிடக்கின்றன. அவற்றைப் பார்க்கவே சுழியோடிகள் வருகிறார்கள்.

அந்தப் பயணம் இலகுவானதன்று. கோடை முடிவிலும் அந்நீர் 13, 14 பாகை செல்சியஸ் அளவுக்கே சூடேறும். காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக நீர் உடற்சூட்டைப் பறித்துவிடும். ஆகவே நீர் புகாத உடையை அணிந்து, அதற்குள் கம்பளி உடையும் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும். பெரும் போர்க்கப்பல்கள் ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்திலே தலைகீழாகக் கிடக்கின்றன. அங்கே அழுக்கம் மேற்பரப்பில் உள்ளதைப்போல ஐந்து மடங்கு. கொண்டு சென்ற காற்றும் ஐந்து மடங்கு வேகத்தில் தீர்ந்துபோகும். நைதரசன் மூளையை மயக்கும். அதே நைதரசன் இரத்தத்திலே குமிழியாகாதிருக்க, திரும்பும்போது இடையிடையே தரித்துத் தரித்து மேலேற வேண்டும். கீழே நிற்கக் கிடைப்பது சில நிமிடங்கள். குளிரில் தரித்து நிற்பதோ அதைவிட நீண்ட நேரமாகிவிடலாம்.

இவ்வளவு பாடுபட்டுக் காண்பது என்ன? மங்கிய பச்சை வெளிச்சத்திலே மலைச்சரிவு போன்ற ஓர் இரும்புச் சுவர். மணலில் பாதி புதைந்த பீரங்கி. கவசத் தகட்டின்மீது பூத்திருக்கும் கடற்சாமந்திகள். வெண்மையாக விரல்போல முளைத்திருக்கும் மென்பவளம். அதற்கு அந்நாட்டார் வைத்த பெயர் 'செத்தவன் விரல்'. இந்த ஏழு கப்பல்களும் 2001இல் பாதுகாக்கப்பட்ட தொல்சின்னங்களாயின. பார்க்கலாம், எதையும் எடுத்துவரக்கூடாது.

ஆனால் அதே துறைமுகத்திலே வேறொரு கப்பலும் உண்டு. பிரித்தானியாவின் 'றோயல் ஓக்'. 1939 ஒக்டோபர் 14ஆந் திகதி நள்ளிரவு கடந்து ஒரு மணியளவில், களவாக உள்ளே நுழைந்த ஜேர்மன் நீர்மூழ்கி யூ-47 அதைத் தாக்கியது. 835 பேர் மாண்டனர். அவர்களில் நூற்றுக்கும் அதிகமானோர் பதினெட்டு வயது நிரம்பாத பையன்கள். கப்பலிலிருந்து குதித்தவர்களிலும் பலரை எண்ணெய் படர்ந்த அந்தக் குளிர்நீரே கொன்றது. பல்லாண்டுகள் கழிந்த பின்னும் அதன் வயிற்றிலிருந்து எண்ணெய் துளித்துளியாக மேலெழுந்து நீரில் படர்ந்தது.

நேயர்களே, இங்கேதான் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 40 மீற்றர் ஆழத்துக் கப்பல்களுக்குள் போய்வருகிறார்கள். 'றோயல் ஓக்'கின் கவிழ்ந்த அடிப்பாகமோ நீர்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 5 மீற்றரில் இருக்கிறது. நேற்றுப் பழகியவனும் எட்டித் தொட்டுவிடலாம். ஆயினும் அனுமதியின்றி எவரும் அங்கே இறங்க முடியாது. 1986ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று அதைக் காக்கிறது. ஆண்டுதோறும் கடற்படைச் சுழியோடிகள் மட்டும் இறங்கி, நீருக்கடியிலே அதன் கொடியை மாற்றிவிட்டு வருகிறார்கள். ஆழம் தடுக்காத இடத்தை மரியாதை தடுக்கிறது.

இது வடகடலின் சங்கதி மட்டுமன்று. மட்டக்களப்புக் கரைக்கப்பால் அதே கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பல் 'ஹேர்மெஸ்' 1942 ஏப்ரல் 9 முதல் கிடக்கிறது. கடல் வெதுவெதுப்பானதாக இருக்கலாம். கேள்வி ஒன்றுதான். மாண்டோர் கிடக்கும் இடத்தை உயிரோடிருப்பவர் எதுவரை நெருங்கலாம்?

எழுதுகிறவர்களுக்கும் இந்தக் கேள்வி உண்டு. பிழைத்தவனோடு மட்டும் நின்றுவிடாமல், அமிழ்ந்தவர்களிடமும் இலக்கியம் இறங்கிச் செல்ல வேண்டும் என்பதில் ஐயமில்லை. இறங்காவிட்டால் அவர்கள் வெறும் எண்ணிக்கையாகிப் போவார்கள். ஆனால் அவர்களுடைய துயரத்திலிருந்து ஒரு துண்டை உடைத்துக்கொண்டு வந்து, தன் வீட்டு அலுமாரியிலே அழகுக்கு வைப்பவனும் இருக்கிறான். நல்ல சுழியோடி வெறுங்கையோடு திரும்புகிறான். கண்டதைச் சொல்கிறான். சில கதவுகளின் முன்னே நின்றுவிடுகிறான்.

ஓர்க்னியின் தலைநகரான கேர்க்வோலில் புனித மக்னஸ் பேராலயம் இருக்கிறது. அங்கே 'றோயல் ஓக்'கின் மணியும், இறந்தோரின் பெயர்கள் எழுதிய புத்தகம் ஒன்றும் வைக்கப்பட்டிருக்கின்றன. வாரத்துக்கு ஒருமுறை அப்புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் புரட்டி வைக்கிறார்கள். கடலடிக்குப் போக அனுமதியில்லாதவர்களும் அந்தப் பெயர்களை வாசிக்கலாம்.