கையெழுத்துக்கு அடுத்த படி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், உறுப்பினர்கள் கேள்விப் பெட்டியில் போட்ட சீட்டுகளுக்குப் பதிலாகப் பேசியது)



மூன்று வாரமாகக் கூட்ட அறையில் ஒரு பெட்டி வைத்திருந்தோம். கடன், வட்டி, தவணை எல்லாம் வருஷம் பூரா பேசுதோம். இந்தத் தடவை வீட்டைப் பற்றி என்ன கேட்கணுமோ எழுதிப் போடுங்க என்று சொல்லியிருந்தோம். பெட்டியைத் திறந்து அடுக்கினேன். மூன்று கட்டாகப் பிரிந்தது. வீட்டு அழகு ஒரு கட்டு, பிள்ளைகளும் புத்தகமும் ஒரு கட்டு, வாடகை வீடு ஒரு கட்டு. வாடகைக் கட்டுதான் பெரிசு. எழுதியவங்க பெயரை வாசிக்க மாட்டேன், யாரும் பயப்பட வேண்டாம். நானும் பல வருஷம் வாடகை வீட்டில் இருந்தவள். இப்போது மாடியில் ஒரு அறையை வாடகைக்கு விட்டிருக்கிறவள். அதனால் இரண்டு பக்கத்து வலியும் எனக்குத் தெரியும்.

முதல் சீட்டு. "அக்கா, போன வருஷம்தான் பெயிண்ட் அடிச்சோம். ஆடி முடியதுக்குள்ள சுவர் உப்புப் பூத்து உரிஞ்சு விழுது. எந்தக் கம்பெனி பெயிண்ட் நல்லது?"

தங்கச்சி, கம்பெனியில் ஒண்ணும் இல்லை. நம்ம ஊர் இரண்டு மழை பார்க்கிற ஊர். ஆனி, ஆடியில் மலையிலிருந்து சாரல் வருது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. சுவருக்குள் போன ஈரம் வெளியே வந்தாகணும். ஈரச் சுவர் மேல் பிளாஸ்டிக் தாள் மாதிரிப் படிகிற பெயிண்டை அடிச்சா, ஈரம் அதையும் தள்ளிக்கொண்டுதான் வெளியே வரும். அதனால் முதலில் ஈரம் எங்கிருந்து வருதுன்னு பாருங்க. மொட்டை மாடி வெடிப்பா, தண்ணிக் குழாய்க் கசிவா, கீழே தரையிலிருந்து ஏறுதா என்று கண்டுபிடிச்சு அடைக்கணும். பிறகு மாசி, பங்குனி வெயிலில் சுவரை நல்லாக் காயவிட்டு, உப்பைச் சுரண்டிவிட்டுத்தான் மேல்வேலை. பழைய வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பே போதும். செலவு குறைவு, சுவரும் மூச்சு விடும், நாமளே அடிச்சுக்கலாம். பீரோவைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் நாலு விரல் தள்ளிப் போடுங்க. பின்னால் காற்று போனால் பூசணம் பிடிக்காது.

"வாடகை வீடு, ஆணி அடிக்கக் கூடாதுன்னு சொல்லுதாங்க. வீட்டை எப்படி அழகாக்க?" என்று இன்னொரு சீட்டு. குற்றாலத்துச் சித்திர சபையில் நடராசர் சிலையாக இல்லாமல் சுவரில் ஓவியமாகவே இருக்கிறார். சாமிக்கே சுவரில் சித்திரம் வரைந்த ஊரில் நம்ம சுவரும் நல்லா இருக்கணும்னு ஆசைப்படுறது தப்பே இல்லை. ஆணி கூடாதுன்னா ஜன்னல் கம்பியில் கயிறு கட்டிப் பழைய பருத்திச் சேலையைத் திரையாக்குங்க. வாசலில் கோலம் இருக்கட்டும். ஒரு பத்தமடைப் பாய் வாங்கி நடுவீட்டில் விரிச்சுப் போடுங்க. வீடு மாறும்போது சுருட்டி எடுத்துட்டுப் போயிரலாம். அந்தப் பாயில் இன்னொரு வேலையும் இருக்கு.

அது இரண்டாவது கட்டு. "பிள்ளைங்க எந்நேரமும் போனையே பார்க்குது. புத்தகம் வாங்கக் காசில்லை. நான் எட்டாவதுதான் படிச்சிருக்கேன். என்ன செய்ய?"

ரசிகமணி டி.கே.சி. பெயரைக் கேட்டிருப்பீங்க. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் அவர் வீட்டில் வட்டமான தொட்டிக்கட்டு இருந்தது. அதில் நண்பர்கள் கூடி உட்காருவாங்க. ஒருத்தர் கம்பன் பாட்டை வாய்விட்டுச் சொல்ல, மற்றவங்க கேட்டு ரசிப்பாங்க. அந்தக் கூட்டத்துக்கே வட்டத்தொட்டி என்று பெயர் வந்துவிட்டது. பிற்காலத்தில் அவர் குற்றாலத்துக்கே குடிவந்தார். ராஜாஜியும் கல்கியும் அங்கே அவரைத் தேடி வந்தாங்க. 1954-ல் அவர் காலமானார். வட்டத்தொட்டி என்ற பேச்சு இன்னும் இருக்கு. அதுக்கு வேண்டியிருந்தது என்ன? உட்கார ஓர் இடம், வாய்விட்டு வாசிக்க ஒருத்தர், காது கொடுத்துக் கேட்க நாலு பேர். நமக்குத் தொட்டிக்கட்டு இல்லாவிட்டால் என்ன, பாய் இருக்கு.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பதினைந்து நிமிஷம். எல்லார் போனும் பரண் மேலே, உங்க போனும்தான். பிள்ளை வாசிக்கட்டும், நீங்க கேளுங்க. "அப்புறம் என்னாச்சு? அவன் ஏன் அப்படிச் செஞ்சான்?" என்று கேட்டால் போதும். அதுக்கு எட்டாவது படிப்பு தாராளம்.

புத்தகத்துக்குக் காசு? அதை நீங்க ஏற்கனவே கட்டியாச்சு! வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்க, நூலக வரி என்று இருக்கும். 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அதுக்குப் பாடுபட்டவர் எஸ்.ஆர்.அரங்கநாதன். அந்தச் சட்டப்படி சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலகத்துக்குப் போகுது. வாடகைக்கு இருக்கிறவங்க கொடுக்கிற வாடகையிலும் அந்தக் காசு இருக்கு. தென்காசியில் வ.உ.சி. பெயரில் நூலகம் இருக்கு. பல ஊர்களில் கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமும் இருக்கு. காசைக் கட்டிவிட்டுப் பொருளை வாங்காமல் வருவோமா? பிள்ளையைக் கூட்டிப் போய் உறுப்பினராக்குங்க.

இனி மூன்றாவது கட்டு. இரண்டு சீட்டை அப்படியே வாசிக்கிறேன்.

"குற்றாலத்தில் வாடகைக்கு இருக்கோம். சீசன் வந்தா நாள் வாடகைக்கு விடணும், மூணு மாசம் காலி பண்ணிட்டு அப்புறம் வாங்கன்னு சொல்லுதாங்க. பள்ளிக்கூடம் திறக்கிறதே ஜூனில்தான். பிள்ளைகளை வச்சுக்கிட்டு எங்கே போக?"

"வீட்டுக்காரர் இறந்த பிறகு மாடி வாடகைதான் எனக்கு வருமானம். அஞ்சு மாசமா வாடகை தரலை. கேட்டா, எழுதியா கொடுத்தோம்னு கேக்காங்க."

ஒருத்தி குடியிருக்கிறவள், ஒருத்தி வீட்டுக்காரி. இரண்டு பேரும் நம்ம அக்கா தங்கச்சிதான். இரண்டு பேருக்கும் ஒரே குறை: கையில் காகிதம் இல்லை.

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவருடைய உரிமையையும் பொறுப்பையும் முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கு. தென்காசி நகராட்சி, குற்றாலம் பேரூராட்சி இரண்டுக்கும் அது பொருந்தும். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும். வாடகை அதிகாரியிடம் பதியணும். 11 மாசம் என்று எழுதினால் எங்கேயும் பதிய வேண்டாம் என்பது பழைய பழக்கம். வாடகைக்கு ரசீது கொடுக்கணும். கோபம் வந்தால்கூட தண்ணியையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. ஒப்பந்தக் காலத்துக்குள் காலி செய்ய வைக்கணும்னா, சட்டம் சொல்லும் காரணத்தோடு வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போகணும். சீசன் அந்தக் காரணங்களில் இல்லை. வாடகை இரண்டு மாசம் பாக்கி நின்று, நோட்டீஸ் கொடுத்தும் ஒரு மாசத்தில் கட்டாவிட்டால், அது காரணம்.

சீசனுக்கு வீடு வேணும் என்கிற அக்காமார் அதை முதலிலேயே சொல்லிருங்க. புரட்டாசியிலிருந்து வைகாசி வரை என்று ஒப்பந்தத்தில் எழுதுங்க. வர்றவங்க தெரிஞ்சு வருவாங்க, பள்ளிக்கூடத்தையும் யோசிச்சுக்குவாங்க. நாள் வாடகையை மட்டும் கணக்குப் பார்க்காதீங்க. துவைப்பு, துடைப்பு, உடைஞ்ச குழாய், சாரல் பொய்த்த வருஷம் எல்லாத்தையும் கழிச்சுப் பாருங்க.

முன்பணத்தைப் பற்றியும் நிறைய சீட்டு. மூணு மாச வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது பொது விதி. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதி நீங்க கையெழுத்துப் போட்டிருந்தால், எழுதினதுதான் நிற்கும். இங்கேதான் கடைசிச் சீட்டுக்கு வாரேன். எல்லாத்திலும் சின்னச் சீட்டு அதுதான்.

"கையெழுத்துப் போடச் சொன்னாங்க. போட்டேன். என்ன எழுதியிருந்ததுன்னு தெரியாது."

1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு இந்தக் குழுக்கள் தொடங்கின. அன்று முதல் குழுவுக்கு வந்த எத்தனையோ பெண்கள் முதலில் கற்றது கையெழுத்துப் போடுவது. கைநாட்டு மையை அழித்துவிட்டுப் பேனா பிடித்த அந்தப் பெருமை சின்னப் பெருமை இல்லை. ஆனால் வாசிக்காமல் போடுகிற கையெழுத்தும் கைநாட்டுதான், அக்கா. மை மட்டும்தான் விரலில் ஒட்டவில்லை.

அதனால் மூன்று கட்டுக்கும் என் பதில் ஒண்ணுதான். பாயில் உட்கார்ந்து கதை வாசித்த பிள்ளை, நாளைக்கு ஒப்பந்தத்தையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டும். கதை கேட்டுப் பழகின அம்மா, "இது ஏன் இப்படி எழுதியிருக்கு?" என்று அங்கேயும் கேட்பாள்.

கூட்டமைப்புக்கு ஒரு தீர்மானம் முன்வைக்கிறேன். எந்த உறுப்பினரும் வாடகை ஒப்பந்தமோ கடன் பத்திரமோ எதில் கையெழுத்துப் போடும் முன்னும், குழுக் கூட்டத்தில் ஒருத்தர் அதை வாய்விட்டு முழுசாக வாசிக்கணும், மற்றவங்க கேட்கணும். தீர்மானப் புத்தகத்தை அப்படித்தானே வாசிக்கிறோம்? அந்த வழக்கம் வீட்டுக் காகிதத்துக்கும் வரட்டும். சரி என்கிறவங்க கையைத் தூக்குங்க.