கனவைப் பாடும் குரல்



பட்டாசும் தீப்பெட்டியும் அச்சும் விருதுநகர் மாவட்டத்தின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றுள்ளன. அவற்றுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, சிவகாசிக்கு மேற்கே திருவில்லிபுத்தூரில், ஒரு பெண்ணின் உள்ளம் பாட்டாயிற்று. ஆண்டாளின் நாச்சியார் திருமொழி 14 திருமொழிகளும் 143 பாசுரங்களும் கொண்டது. காமனை நோன்பிருந்து வேண்டுதல், கூடல் இழைத்துக் குறி பார்த்தல், குயிலை ஏவுதல், முகிலைத் தூது விடுதல், இறுதியில் வாராத தலைவன்மேற் கொண்ட சினத்தால் தன் கொங்கையையே பறித்து அவன் மார்பில் எறியத் துணிதல் என ஓர் உள்ளத்தின் பல நிலைகள் அதில் உள்ளன. இவற்றை இன்றைய கருநாடக இசைமேடை எவ்வளவு பாடியிருக்கிறது?

திருப்பாவைக்கு நல்லூழ் வாய்த்தது. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் அதன் 30 பாசுரங்களுக்கும் இராகம் அமைத்தார். நாட்டையில் தொடங்கும் அவ்வரிசை எம்.எல். வசந்தகுமாரியின் குரலில் இல்லந்தோறும் புகுந்தது. நாச்சியார் திருமொழியிலோ அத்தகைய புகழ் பெற்றது 'வாரணமாயிரம்' ஒன்றே எனலாம். அதுவும் மணவீட்டு மங்கலப் பாட்டாகவே பெரிதும் பாடப்படுகிறது.

ஆனால் அது நடந்த திருமணமன்று. தோழியிடம் உரைக்கப்படும் கனா. தோரணம், மத்தளம், கைத்தலம் பற்றுதல் என ஒவ்வொரு காட்சியும் விரிந்தபின், பாசுர இறுதியில் அது கனவென்னும் சொல் வந்து நிற்கிறது. அதற்கு முந்திய திருமொழி குயிலிடம் கெஞ்சுவது. பிந்தியது வெண்சங்கினிடம் பொறாமையோடு வினவுவது. இவ்விரண்டுக்கும் நடுவே வைத்து நோக்கினால், அக்கனவின் இனிமைக்குள் ஒரு நடுக்கம் இருப்பது புலனாகும். அவ்விறுதிச் சொல்லில் குரல் ஒரு கணம் தாழ வேண்டாவா?

இஃது இசைக்கு இயலாத செயலன்று. கோபாலகிருஷ்ண பாரதியாரின் 'வருகலாமோ' மாஞ்சி இராகத்தில் தயங்கித் தயங்கி நிற்கும்போது, நந்தனின் ஏக்கத்துக்கு உரை தேவைப்படுவதில்லை. வீணை தனம்மாளின் பேர்த்தியரான பிருந்தாவும் முக்தாவும் பதங்களை விளம்ப காலத்திற் பாடிக் காத்தனர். ஊடலும் ஏமாற்றமும் ஒரு கமகத்தின் வளைவில் தங்குவதற்கு அக்காலப்பிரமாணம் இடங்கொடுத்தது. நிரவலும் இத்தகையதே. துயருற்ற மனம் ஒரே சொல்லைச் சுற்றிச் சுற்றி வருவதுபோல, பாடகர் ஒரே அடியை விரித்து விரித்துப் பாடுகிறார். முகில்விடு தூதின் ஓர் அடி நிரவலுக்கு எவ்வளவு பொருந்தும்! பல கச்சேரிகளில் விரைவு கூடி, சுரக்கணக்கு முந்தி, கைதட்டல் எழும்போது பாடற்பெண் எங்கோ மறைந்துவிடுகிறாள்.

சொல்லை முன்னிறுத்திப் பாடுவது இம்மண்ணுக்குப் புதிதன்று. சிவகாசியிற் பிறந்த நாடகக் கலைஞர் விசுவநாததாஸ் (1886–1940) மேடையிற் பாடிய தேசியப் பாட்டுகளுக்காகவே பலமுறை சிறை சென்றார். சொல் விளங்காத பாட்டுக்கு யாரும் சிறையிடுவதில்லை.

அண்மைக் காலத்தில் பெருமாள்முருகன் எழுதிய கீர்த்தனைகளை டி.எம். கிருஷ்ணா மேடையிற் பாடியுள்ளார். இன்றைய எழுத்தாளருக்கும் கச்சேரிக்கும் இடையே ஒரு வழி அதனால் திறந்தது. அவ்வழியில் இவ்வட்டாரக் கவிஞரும் செல்லலாம். பட்டாசு ஆலைக்குச் சென்றவர் திரும்பும்வரை வாயிலில் நிற்கும் பெண்ணின் மனத்தை ஒரு பதமாக்கலாம். அதற்கு விளம்ப காலமே ஏற்றது. ஆண்டாள் வெண்சங்கை வினவியதுபோல, அவள் மாலையில் ஊதும் ஊர்ச்சங்கை வினவுவாள்.