நூறு அணுவில் பதினைந்துதான் பிளாட்டினம்

போன எபிசோடுக்கு அப்புறம் பாளையங்கோட்டையில இருந்து ஒரு எம்.எஸ்சி. மாணவி கேள்வி அனுப்பியிருந்தாங்க. ப்ராஜெக்டுக்காக ஒரு லேப்ல எலக்ட்ரான் கற்றையால பிளாட்டினக் கம்பி ஒண்ணு எழுதியிருக்காங்க. அகலம், தலைமுடியில கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒரு பங்கு. அளந்து பார்த்தா மின்தடை எகிறுது. "கனெக்‌ஷன் சரியில்லையா, இல்ல நான் எழுதினது பிளாட்டினமே இல்லையா?"ன்னு கேட்கிறாங்க. தீசிஸ் கொடுக்க ஒரு மாசம்தான் இருக்கு. அதனால இன்னைக்கு இதையே பேசிடுவோம்.

முதல்ல, இந்த எழுத்து எப்படி நடக்குது? எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்போட வெற்றிட அறைக்குள்ள ஒரு மெல்லிய ஊசி வழியா வாயுவை விடுவாங்க. அதுதான் மை. அந்த மூலக்கூறு மேற்பரப்புல வந்து ஒட்டும். கற்றை படுற இடத்துல மட்டும் அது உடையும். ஆவியாகிற துண்டுகளை பம்ப் இழுத்துடும், மிச்சம் அங்கேயே படியும். கற்றையை நகர்த்தினா கோடு, ஒரே இடத்துல நிறுத்தினா தூண். அச்சு வேண்டாம், ரசாயனக் குளியல் வேண்டாம். சிப் தயாரிப்புல முகமூடித் தகட்டுல விழுற சின்னக் குறைகளை ஒட்டிச் சரிசெய்யவும் இந்த முறை பயன்படுது.

சிக்கல் மையிலதான் இருக்கு. பிளாட்டினத்துக்கு வழக்கமா எடுக்கிற மூலக்கூறுல ஒரு பிளாட்டின அணுவுக்கு 9 கார்பன் அணுக்கள். உலோகத்தை வாயுவா சுமந்துட்டு வர அந்தக் கார்பன் தேவை. ஆனா இறக்கிவிட்ட பிறகு அது கிளம்புறதில்ல. பெரும்பாலும் ஒண்ணு ரெண்டுதான் பறக்கும், மிச்சம் உலோகத்தோடயே புதைஞ்சிடும். அதனால படியுறதுல நூறு அணுவுக்கு சுமார் 15தான் பிளாட்டினம்.

இதே பொருளை எடை போட்டா கதை வேற. பிளாட்டின அணு கார்பனைவிட 16 மடங்கு கனம். அதனால எடைக் கணக்குல முக்கால் பங்கு பிளாட்டினம்னு வரும்! நகைக்கடையில 916ன்னு பார்க்கிறோமே, அது எடைக் கணக்கு. மின்சாரத்துக்கு எடை முக்கியமில்ல, பக்கத்துல யார் இருக்காங்கறதுதான் முக்கியம். இங்க சில நானோமீட்டர் அளவுள்ள பிளாட்டினத் துகள்கள் கார்பனுக்குள்ள தனித்தனியா கிடக்கும். நெல்லையில இருந்து பாளைக்கு சுலோச்சன முதலியார் பாலத்துல போறதுக்கும், தாமிரபரணிக்குள்ள பாறை பாறையா தாண்டிப் போறதுக்கும் உள்ள வித்தியாசம் இது. மின்தடை சுத்தப் பிளாட்டினத்தைவிட லட்சம் மடங்குகூட போகலாம்.

அப்போ கலப்புன்னாலே கெட்டதா? இல்ல. இதே ஆத்தங்கரையில இருக்கிற ஆதிச்சநல்லூர்ல, 1900ஐ ஒட்டிய ஆண்டுகள்ல அலெக்சாண்டர் ரீ தோண்டினப்போ மெல்லிய தங்கப் பட்டங்களும் வெண்கலப் பாத்திரங்களும் கிடைச்சது. அந்த வெண்கலத்துல சில பாத்திரங்கள்ல வெள்ளீயம் 20 சதவீதத்துக்கும் மேல. அது தெரிஞ்சு சேர்த்த கலப்பு; அந்த அளவுக்குன்னு தனிப் பக்குவமே உண்டு. நம்ம கார்பன் அப்படியில்ல. யாரும் கேட்காம ஒட்டிக்கிட்டது. சேர்த்தது வேற, ஒட்டிக்கிட்டது வேற.

ஒட்டிக்கிட்டதை எடுக்க ரெண்டு வழி. ஒண்ணு, மையை மாத்துறது. கோபால்ட் கார்பனைல் எடுத்தா கார்பன் பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடா பறந்துடும். 90 சதவீதத்துக்கு மேல கோபால்ட் கிடைக்கும். இன்னொண்ணு, நீராவியோ ஆக்சிஜனோ விட்டு, அதே கற்றையால கார்பனை எரிச்சு வெளியேத்துறது. வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு எழுதும்போதே நீராவியையும் சேர்த்து விட்டு, அணுக் கணக்குலயே 90 சதவீதத்துக்கு மேல தங்கம் எடுத்ததா 2016ல வெளியிட்டாங்க. ஆனா எழுதி முடிச்ச பிறகு சுத்தம் செஞ்சா, கார்பன் போன இடம் காலியாகும். கம்பி சுருங்கும், சில நேரம் வெடிப்பு விடும். அதை முன்கூட்டியே கணக்குப் பண்ணித்தான் வரையணும்.

இப்போ அந்த மாணவிக்கு. முதல்ல நான்கு முனை அளவீடு எடுங்க. ரெண்டு முனையில மின்னோட்டம், வேற ரெண்டு முனையில மின்னழுத்தம். கனெக்‌ஷனோட தடை கணக்குல வராது. அப்புறமும் தடை எகிறினா, உங்க ரெண்டாவது சந்தேகம்தான் சரி. அடுத்து எக்ஸ்ரே நிறமாலையில எத்தனை அணு பிளாட்டினம்னு பாருங்க. ஒரு எச்சரிக்கை: அறையில எண்ணெய்ப் பசை இருந்தா, அளக்கிற கற்றையே புதுக் கார்பனைப் படிய வைக்கும். எலக்ட்ரான் பட்ட இடத்துல இப்படிப் படலம் உருவாகுதுன்னு 1934லயே எழுதியிருக்காங்க. மைக்ராஸ்கோப்புல படம் எடுத்த இடத்துல கருப்பா ஒரு சதுரம் தெரியுமே, அதுவும் இதுதான். அதனால சீக்கிரம் அளங்க.

தீசிஸ்ல "பிளாட்டினக் கம்பி"ன்னு போடாதீங்க. "பிளாட்டினம்–கார்பன்"னு எழுதி, பக்கத்துல அணுச் சதவீதத்தைப் போடுங்க. மார்க் குறையாது. உங்க எண்ணை நம்பி அடுத்து ஒருத்தர் கம்பி எழுதப் போறார், அவருக்கு ஒரு மாசம் மிச்சம்.