ஆச்சியையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்



1963-ம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் கே.பி.எஃப்.கே. என்று ஒரு வானொலி நிலையம். விளம்பரம் வாங்காமல், நேயர்கள் தருகிற பணத்திலேயே நடக்கிற நிலையம் அது. அதற்கு நிதி சேர்க்க வேண்டியிருந்தது. ஃபிலிஸ் பேட்டர்சன் என்ற ஆசிரியையும் அவருடைய கணவர் ரான் பேட்டர்சனும் ஒரு யோசனையோடு வந்தார்கள். முதலாம் எலிசபெத் ராணி காலத்து இங்கிலாந்தில் கிராமத்துச் சந்தை எப்படி நடந்திருக்கும்? அதை ஒரு திடலில் நடத்திக் காட்டலாமே என்றார்கள். வார இறுதியில் இரண்டு நாள் நடந்தது. கொல்லர், குயவர், பாட்டுக்காரர், கழைக்கூத்தாடி என்று வேடம் கட்டி வந்தார்கள். பார்க்க வந்தவர்களுக்கும் ஆசை வந்துவிட்டது. அடுத்தடுத்த வருடங்களில் அவர்களும் அந்தக் காலத்து உடை தைத்துப் போட்டுக்கொண்டு குடும்பத்தோடு வர ஆரம்பித்தார்கள். ரெனசான்ஸ் ஃபேர், அதாவது மறுமலர்ச்சிக் காலச் சந்தை என்ற பெயரில் இன்றைக்கு அமெரிக்காவில் பல மாநிலங்களில் வருடந்தோறும் அது நடக்கிறது. ஒரு வானொலி நிலையத்துக்காகப் பிறந்த திருவிழா என்பதால், அதை வானொலியில் சொல்வதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

அமெரிக்காவில் இருக்கிற என் தங்கை, குழந்தைகளோடு அப்படி ஒரு சந்தைக்குப் போய்வந்து படங்கள் அனுப்பியிருந்தாள். மருமகன் மரக்கத்தி வைத்திருக்கிறான். மருமகள் தலையில் பூவளையம். ஏழாவது படிக்கிற என் மகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நம்ம ஊர்ல இந்த மாதிரி ஒண்ணும் இல்லையாப்பா?" என்று கேட்டாள்.

இருக்கிறது. தாம்பரத்தில் இருக்கிற எங்களுக்கு ரொம்பப் பக்கத்திலேயே இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில், தட்சிணசித்ரா.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். அன்றைக்குக் காலையில் நடந்த ஒரு சின்ன விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். எல்லாரும் தயாராகிவிட்டோம். அம்மா மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "எனக்கு முட்டு வலி. உங்களோட நடந்து நான் எங்க பாக்கப் போறேன்? நீங்க போயிட்டு வாங்க" என்றார். நானும் சரி என்று சாவியை எடுத்துவிட்டேன். அம்மாவுக்குச் சிரமம், நமக்கும் மெதுவாக நடக்கவேண்டி வரும் என்று ஒரு கணக்கு மனசுக்குள் ஓடியது. மகள்தான் விடவில்லை. "ஆச்சி வந்தாதான் நான் வருவேன்" என்று செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டாள். எங்கள் பக்கம் பாட்டியை ஆச்சி என்போம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். தாம்பரத்தில் நிறையப் பேர் எங்களைப் போலத் தெற்கிலிருந்து வந்தவர்கள்தான். ஊரிலிருந்து வருகிற ரயில் இங்கே நிற்கும். பஸ்ஸும் முன்பு இங்கே நின்றது. 1931-லிருந்து பீச்சுக்கு மின்சார ரயில் ஓடுகிறது. வேலைக்குப் போய்வர வசதி. அரிசி மூட்டையோடு இறங்கியவர்கள் அப்படியே சேலையூர், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் என்று வீடு பிடித்துத் தங்கிவிட்டார்கள்.

ஆச்சியையும் ஏற்றிக்கொண்டு, கேம்ப் ரோடு, மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கடற்கரைச் சாலையைப் பிடித்தோம். வண்டலூர் போய், கேளம்பாக்கம், கோவளம் வழியாகவும் வரலாம்.

தட்சிணசித்ராவைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். இதை உருவாக்கியவர் டெபோரா தியாகராஜன். அமெரிக்காவில் பிறந்து, தமிழ்க் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். கலை வரலாறு படித்தவர். செட்டிநாட்டில் பெரிய பெரிய வீடுகளை இடித்து, தூண் தூணாக, கதவு கதவாக விலைக்குப் போட்டுக்கொண்டிருந்த காலம். அதைப் பார்த்து மனசு பொறுக்காதவர்களில் அவர் ஒருவர். 1984-ல் மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார். முட்டுக்காட்டில் அரசாங்கம் குத்தகைக்குத் தந்த 10 ஏக்கர் மணல் பூமியில் வேலை ஆரம்பமானது. வளாகத்துக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்து, செங்கல்லை வைத்தே குறைந்த செலவில் அழகான வீடுகளைக் கட்டிக் காட்டியவர். அந்தத் திட்டத்தைக் கட்டடமாக்கியவர் அவரிடம் பயின்ற பென்னி குரியாகோஸ். 1996 டிசம்பரில் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

இங்கே இருப்பவை மாதிரி வீடுகள் அல்ல. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று தென்னாட்டு ஊர்களில் மனிதர்கள் பிறந்து, வளர்ந்து, செத்த வீடுகள். இடிக்கப்போகிற வீட்டை விலைக்கு வாங்கி, ஓடும் உத்தரமும் தூணும் நிலையுமாகப் பக்குவமாகப் பிரித்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, அந்தந்த ஊர்க் கொத்தனாரையும் ஆசாரியையும் வைத்துத் திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். இப்படி 18 வீடுகள். சுவீடன் நாட்டில், ஸ்டாக்ஹோமில், 1891-லேயே ஆர்ட்டூர் ஹசேலியஸ் என்பவர் நாட்டுப்புற வீடுகளைப் பெயர்த்து வந்து ஸ்கான்சன் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தை அமைத்தார். அந்த வழியில் வந்ததுதான் இதுவும்.

உள்ளே நுழைந்து, செட்டிநாட்டு வீட்டின் தூண்களையும் செதுக்கு வேலைக் கதவையும் பார்த்துக்கொண்டு நின்றோம். கடல் கடந்து வியாபாரம் செய்த குடும்பத்தின் செல்வம் வாசலிலேயே தெரிகிறது. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். அம்மா ஒன்றும் பேசவில்லை. ஆச்சரியப்பட்டதாகவும் தெரியவில்லை.

அக்கிரகாரத் தெருவுக்கு வந்தோம். நெல்லைச் சீமை ஆம்பூரில் இருந்த தெருவின் வீடுகள். பிரியாணிக்குப் பேர்போன ஆம்பூர் இல்லை, இது எங்கள் பக்கத்து ஆம்பூர். ஒரு வீட்டுச் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். வரிசையாகத் திண்ணைகள். அம்மா விறுவிறுவென்று போய் ஒரு திண்ணையில் ஏறி, தூணில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தார். முட்டு வலிக்காரர் ஏறுகிற மாதிரியே இல்லை. உள்ளங்கையால் திண்ணையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஏட்டி, இங்க வா" என்று பேத்தியைக் கூப்பிட்டார். "திண்ணை எதுக்குத் தெரியுமா?"

"உக்கார."

"யாரு உக்கார?"

மகளுக்குப் பதில் தெரியவில்லை. அம்மா சொன்னார். வழிப்போக்கன் உட்கார. மோர் விற்கிறவள் கூடையை இறக்கிவைக்க. பஸ்ஸைத் தவறவிட்டவன் ராத்திரி படுத்துக்கொள்ள. அவன் யார், எந்த ஊர் என்று கேட்காமலே செம்பில் தண்ணீர் வைப்பார்களாம். தன் அப்பா வீட்டுத் திண்ணையைப் பற்றிச் சொன்னார். எல்லாருக்கும் எல்லாத் திண்ணையிலும் இடம் இருந்ததில்லை என்பதையும் அம்மாவே சொன்னார். யார் உட்காரலாம், யார் தெருவிலேயே நிற்கவேண்டும் என்ற வழக்கம் இருந்ததையும், சின்னப் பெண்ணாக அதைப் பார்த்துக்கொண்டு இருந்ததையும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். எந்தப் பலகையிலும் இவ்வளவு எழுதிவைக்க முடியாது.

அப்புறம் நடந்ததைத்தான் உங்களிடம் சொல்ல நினைத்தேன். பின்கட்டில் ஒரு கல் உரல் கிடந்தது. என் மகன் அதற்குள் தலையை விட்டுப் பார்த்தான். "குப்பைத்தொட்டியா ஆச்சி?" என்றான். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உரலுக்கு எதிரே நின்றார். கையில் உலக்கை கிடையாது. உலக்கை இருக்கிற மாதிரியே பிடித்தார். வலது கையால் தலைக்கு மேலே தூக்கி, இறக்கி, அது மேலே வரும்போது இடது கைக்கு மாற்றினார். மாற்றுகிற அந்த ஒரு நொடியில் மூச்சு 'உஸ்' என்று வெளியே வந்தது. உரலைச் சுற்றிச் சிதறுகிற நெல்லை வலது கால் ஓரத்தால் ஒதுக்கித் தள்ளினார். அங்கே நெல் இல்லை. ஆனாலும் கால் தானாகப் போய் ஒதுக்கியது. "எதிர்ல எங்க அக்கா நிப்பா. அவ உலக்கை மேல போனா என் உலக்கை கீழ வரணும். தப்பினா பூண் ரெண்டும் இடிச்சுக்கும்" என்றார். ஐந்து நிமிடம் குத்தியிருப்பார். பக்கத்தில் நின்றிருந்த வேற்றூர்க் குடும்பம் ஒன்றும் அப்படியே நின்றுவிட்டது. அவர்கள் பிள்ளைகளும் வந்து அம்மாவைச் சுற்றிக்கொண்டார்கள். எழுபத்தைந்து வயதில், ஒரு கல்லூரி மாணவி மாதிரி முகம் சிவந்து நின்றார் என் அம்மா. அறுபது வருடத்துக்கு முன்னால் கற்ற வேலையை அவருடைய உடம்பு மறக்கவேயில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அமெரிக்காவில் அவர்கள் நடிக்கிற காலம் நானூறு வருடம் பழையது. அதைப் பார்த்தவர் ஒருவரும் உயிரோடு இல்லை. புத்தகத்தில் படித்து, படத்தில் பார்த்து, அந்தப் பேச்சையும் நடையையும் பயிற்சி செய்துகொள்கிறார்கள். நம் கதை அப்படி இல்லை. நமக்கு அந்தக் காலம் வீட்டு ஹாலில், மின்விசிறிக்குக் கீழே, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. அதைத்தான் நான் அன்று காலையில் வீட்டிலேயே விட்டுவிட்டு வரப் பார்த்தேன்.

கேரளப் பகுதிக்குப் போனோம். கோட்டயம் பக்கம் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்து வீடு. மரத்திலேயே இழைத்த சுவர்கள். வீட்டோடு சேர்ந்தே நெல் அறை. அம்மா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இவங்க நெல்லுக்கு ரூமே கட்டியிருக்காங்க. நமக்குக் குலுக்கை" என்றார். குலுக்கை என்றால் என்ன என்று இரண்டு பிள்ளைகளும் கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் என் மனைவிக்கும் தெரியாது. மண்ணால் செய்து அடுக்கிய ஆளுயரக் குதிர். மேல் வாய் வழியாக நெல்லைக் கொட்டி, கீழே இருக்கிற ஓட்டை வழியாக எடுப்பார்கள். கண்ணாமூச்சி ஆடும்போது காலிக் குலுக்கைக்குள் ஒளிந்து, வெளியே வர முடியாமல் அழுத கதையையும் அம்மா சொன்னார். நாற்பத்தெட்டு வருடம் அவர் பிள்ளையாக இருந்தும் அந்தக் கதையை நான் கேட்டதில்லை. கேட்கிற இடத்துக்கு நான் அவரைக் கூட்டிப்போனதில்லை.

ஆந்திரக் கடற்கரையிலிருந்து வந்த வட்ட வீடு ஒன்று இருக்கிறது. விசாகப்பட்டினம் பக்கத்து வீடு. மண் சுவர், தாழ இறங்கிய ஓலைக் கூரை. குனிந்துதான் நுழைய வேண்டும். புயல் காற்று மோதுவதற்கு மூலை இல்லாமல் கட்டிய வீடு. சென்னைக்காரர்கள், அதுவும் புயலையும் வெள்ளத்தையும் பார்த்த தென் சென்னைக்காரர்கள், அந்த வீட்டை நின்று பார்க்க வேண்டும்.

குயவர் வேலை செய்கிற இடத்தில் மகள் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். முதல் தடவை ஆசையில் அழுத்திவிட்டாள். மண் சரிந்து ஒரு பக்கமாகச் சுருண்டது. அந்தப் பெரியவர் அதே மண்ணைத் திரும்ப உருட்டி நடுவில் வைத்தார். "அழுத்தாதம்மா. கட்டை விரலை நடுவுல வச்சுக்கிட்டுச் சும்மா இரு. அதுவே எழும்பும்" என்றார். அவள் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டார். மண் எழும்பியது. வாய் விரிந்தது. ஒரு நூலால் அடியை அறுத்து அவள் கையில் கொடுத்தார். வழியெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து வெயிலில் காயவைக்கப் போனவளைத் தடுத்து, "நெழல்ல வை, வெயில்ல வெடிச்சிரும்" என்றது ஆச்சிதான்.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அங்கே பானை வனைகிறவர், கூடை பின்னுகிறவர், விடுமுறை நாட்களில் வந்து ஆடுகிற கிராமியக் கலைஞர்கள், இவர்கள் யாரும் வேடம் போட்டவர்கள் இல்லை. அது அவர்கள் தொழில். அவர்கள் பிழைப்பு. படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். நின்று இரண்டு வார்த்தை பேசுங்கள். ஒரு கூடையோ சட்டியோ விலை பேசாமல் வாங்குங்கள். பேரங்காடியில் யாரிடமும் பேரம் பேசாத நாம், மண் குழைக்கிறவரிடம் பத்து ரூபாய் குறைக்கச் சொல்வது நியாயமில்லை.

செட்டிநாட்டில் மட்டும் இல்லை, எங்கள் சேலையூரிலும் சிட்லபாக்கத்திலும் வாசலில் கிணறும் பின்னால் துவைக்கிற கல்லும் வைத்துக் கட்டிய வீடுகள் வரிசையாக இடிபட்டு அடுக்குமாடியாகின்றன. எங்கள் தெருவிலேயே போன வருடம் இரண்டு போயின. அவற்றையெல்லாம் யாரும் முட்டுக்காட்டுக்குக் கொண்டுபோகப் போவதில்லை. ஆனால் அந்த வீடுகளில் இருந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்கலாம்.

தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறுவதற்குள் பாதி பார்த்துவிடலாம். ஒரு தொப்பி, ஒரு தண்ணீர் பாட்டில், வயதானவர்களுக்கு மடக்கு நாற்காலி ஒன்று. உட்காரத் திண்ணை நிறைய இருக்கிறது, இருந்தாலும் கையில் இருக்கட்டும். "நான் வரல, நீங்க போயிட்டு வாங்க" என்று உங்கள் வீட்டுப் பெரியவர் கட்டாயம் சொல்வார். அதைக் கேட்டுக்கொண்டு சாவியை எடுத்துவிடாதீர்கள். முன் சீட்டில் அவரை உட்காரவைத்து, அப்புறம் வண்டியை எடுங்கள்.