வழியனுப்பினாலும் அபராதம்!

தோழர்களே! நாளை சீமைக்குப் படிக்கச் செல்லும் நம் பெண்ணை வழியனுப்பக் கூடியிருக்கிறோம். நமக்குச் சந்தோஷமும் உண்டு, விசனமும் உண்டு. பிரிவில் மனங்கலங்குவது மனித சுபாவம். அதன்மேல் பாவபயத்தை ஏற்றுவதுதான் சாதியின் வேலை.

1888-ல் 18 வயதுக் காந்தியார், மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டு லண்டனுக்குப் புறப்பட்டபோது, பம்பாயில் அவரது சாதியார் கூடி, கடல் கடப்பது மதவிரோதமென்று அவரைச் சாதிப்பிரஷ்டம் செய்தார்கள். அவரை வழியனுப்பச் செல்வோருக்கும் ஒன்றேகால் ரூபாய் அபராதமென்றார்கள். ஆயினும் அவர் செப்டம்பர் 4-ந் தேதி கப்பலேறினார்.

இன்று நமக்கு அபராதமில்லை. ஆனால் ராகுகாலம் பார்க்கச் சொல்லும் வாய்கள் இன்னும் ஓய்ந்தபாடில்லை. அம்மா! ஆகாய விமானம் பஞ்சாங்கம் பார்த்துக் கிளம்புவதில்லை. அழுகை வந்தால் அழு, நாமும் அழுவோம். பிரயாணத்தை மட்டும் நிறுத்தாதே!