முத்திரைக்குப் பக்கத்தில் ஒரு தேதி



பட்டம் பெற இந்த அரங்குக்கு வந்திருப்பவர்களில் வரலாறும் பொது நிர்வாகமும் படித்தவர்கள் அதிகம் என்றார்கள். அதனால் கோப்புகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஆய்வு மாணவனாக இருந்தபோது, ஓர் ஆவணக் காப்பகத்தில் எல்லைப் பிரச்சினை தொடர்பான கோப்பு ஒன்றைக் கேட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். துறையின் பழைய அட்டவணையில் அதன் எண் தெளிவாக இருந்தது. மறுநாள் சீட்டு மட்டும் திரும்பி வந்தது. மூலையில் சிவப்பு மையில் இரண்டே எழுத்து, 'என்.டி.' துறையிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை என்று பொருள். ஏன் வரவில்லை, எப்போது வரும், யாரிடம் போய்க் கேட்பது என்று சொல்ல அந்த வாசிப்பு அறையில் ஆள் இல்லை. அந்தச் சீட்டை இன்றும் வைத்திருக்கிறேன்.

எல்லைக் கோப்பு இரகசியமாக இருக்கலாம். நாட்டுக்கு இரகசியமே கூடாது என்பது என் வாதம் அல்ல. படை நகர்வும் உளவு சொன்னவரின் பெயரும் மறைந்துதான் இருக்க வேண்டும். வெளியே வந்தால் உயிர் போகும். ஆனால், இரகசியம் என்று முத்திரை குத்துகிறவரைக் கண்காணிப்பது யார்?

அமெரிக்காவில் இதற்கென்றே தகவல் பாதுகாப்புக் கண்காணிப்பு அலுவலகம் என்று ஒன்று உண்டு. 1978இல் அதிபர் கார்ட்டரின் ஆணையால் வந்தது. இப்போது அந்நாட்டின் தேசிய ஆவணக் காப்பகத்தின் கீழ் இருக்கிறது. அங்கே ஒரு தாளை இரகசியம் என்று குறிப்பவர், தான் யார், என்ன காரணம், எந்தத் தேதியில் அந்த இரகசியம் நீங்கும் என்பதையும் அதில் காட்டியாக வேண்டும்.

2006இல் மேத்யூ எய்ட் என்ற ஆய்வாளர், அந்தக் காப்பகத்தில் தான் முன்பு நகலெடுத்த தாள்கள் சில அங்கே இல்லாமல் போனதை வெளிப்படுத்தினார். அரசு அமைப்புகள் சத்தமில்லாமல் வந்து திரும்ப எடுத்துப் போயிருந்தன. அவற்றில் ஒன்று 1950 அக்டோபர் 12 தேதியிட்ட சிஐஏ மதிப்பீடு. கொரியப் போரில் சீனா அந்த ஆண்டு இறங்க வாய்ப்பில்லை என்றது அது. அந்த மாதம் முடிவதற்குள் சீனப் படை கொரியாவில் போரிட்டுக்கொண்டிருந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு அதை ஒளித்துவைத்ததால் எந்த எல்லையும் காக்கப்படவில்லை. தவறிப்போன ஒரு கணிப்பின் மானம் காக்கப்பட்டது, அவ்வளவுதான்.

கண்காணிப்பு அலுவலகம் தணிக்கையில் இறங்கியது. 25,000க்கும் மேற்பட்ட ஆவணங்கள் இப்படிப் போயிருந்தன. மாதிரிக்கு எடுத்துப் பார்த்தவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மறைக்கத் தகாதவை அல்லது ஐயத்துக்குரியவை என்று வெளிப்படையாக அறிக்கை தந்தது. அப்போதைய இயக்குநர் வில்லியம் லெனார்ட். துணை அதிபர் டிக் செனியின் அலுவலகம் ஆய்வுக்கு இடம்தர மறுத்தபோது, அவர் ஒதுங்கிப் போகாமல் அட்டர்னி ஜெனரலுக்கு எழுதினார். கண்காணிப்பு அலுவலகத்தையே ஒழித்துவிடலாம் என்ற யோசனைகூட செனி தரப்பிலிருந்து வந்தது. அது நடக்கவில்லை. ஓர் அரசு ஊழியரின் முதுகெலும்பு எதற்காக என்று கேட்டால் நான் லெனார்டைக் காட்டுவேன்.

இந்தியாவில் நம்மிடம் அப்படியோர் அலுவலகம் இல்லை. 1923ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. இரகசியம் என்றால் என்ன என்ற வரையறை அதில் கிடையாது. 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டப்படி, இரகசிய முத்திரை விழுந்த கோப்பு தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போக முடியாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை முத்திரையை மறுபரிசீலனை செய்ய விதி இருக்கிறது. செய்ய வேண்டியவரோ அதே துறையின் அதிகாரி. தகவல் ஆணையம் இருக்கிறதே என்பீர்கள். யாராவது கேட்டால்தான் அது அசையும். இருப்பதே தெரியாத கோப்பை எப்படிக் கேட்பது?

சீனாவுடனான 1962 போரின் தோல்வியை ஆராய்ந்து, இராணுவ அதிகாரிகள் ஹெண்டர்சன் புரூக்ஸும் பகத்தும் 1963இல் தந்த அறிக்கையை அரசு இன்னும் வெளியிடவில்லை. அதன் ஒரு பகுதியை 2014இல் பத்திரிகையாளர் நெவில் மேக்ஸ்வெல் இணையத்தில் போட்ட பிறகும் முத்திரை அகலவில்லை. அந்தப் போரில் பனிமலையில் மடிந்த சிப்பாய்களின் பிள்ளைகளே இன்று முதியவர்கள்.

திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையிலான கார்கில் மறுஆய்வுக் குழு, போர் வரலாறுகள் எழுதப்பட வேண்டும், ஆவணங்களைத் திறக்கத் தெளிவான கொள்கை வேண்டும் என்றது. இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2021இல் பாதுகாப்பு அமைச்சகம் பொதுவாக 25 ஆண்டு என்று வரம்பு வைத்தது. நல்ல தொடக்கம்தான். வெளியிலிருந்து ஒரு கண்காணிப்பும் சேர வேண்டும்.

உங்களில் சிலர் நாளை 'மந்தணம்' என்ற முத்திரை இருக்கும் மேசையில் உட்காரப் போகிறீர்கள். அதைக் குத்தும்போது, யாரும் கேட்காவிட்டாலும், காரணத்தையும் திறக்க வேண்டிய தேதியையும் பக்கத்தில் எழுதி, உங்கள் பெயரையும் போடுங்கள். ஆய்வுக்குப் போகிறவர்களே, சீட்டு 'என்.டி.' என்று திரும்பினால் எழுந்து போய்விடாதீர்கள். மறுவாரமும் எழுதிக் கொடுங்கள்.